ஒரு மடக்குத் தேத்தண்ணி

"பாம்... பாம்... பாஆஆம்!"

தேயிலைச் சரிவின் வளைவில் இருந்து வந்த அந்த ஹோர்ன் சத்தத்தில் ஜெயராஜுக்குப் புரைக்கேறியது. வாயில் இருந்த தேத்தண்ணி பாதி தொண்டையிலும் பாதி சட்டையிலுமாக இறங்கியது.

"கட்!" என்றாள் கிருஷாந்தி. குரலில் கோபம் இல்லை. காலையிலிருந்து சொல்லிச் சொல்லி அந்தச் சொல் அவளுக்கு மூச்சு விடுவது போல ஆகியிருந்தது.

கமராவுக்குப் பின்னால் குனிந்திருந்த சுமன் தலையைத் தூக்கினான். "இந்தத் தடவ அண்ணன் மேல பிழை இல்லக்கா. ஹோர்ன் மேலதான்."

"ஹோர்ன் அடிக்காட்டியும் சரிவந்திருக்காது தம்பி," என்றான் ஜெயராஜ், சட்டையைத் துடைத்தபடி.

சுவரோரம் ஒரு வெள்ளைப் பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. லீசிங் கம்பனி ஒன்றின் கண்டிக் கிளைக்கு மனேஜராக இருந்த காலத்தில் கிருஷாந்திக்குப் பிடித்த பழக்கம் அது. தினமும் காலையில் ஊழியர்களை நிற்க வைத்து அன்றைய இலக்கைப் பலகையில் எழுதுவாள். வேலையை விட்டுவிட்டுப் படம் எடுக்க வந்தபோது மேசையை விட்டாள், வாகனத்தை விட்டாள், பலகையை மட்டும் விடவில்லை. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அன்று காலையில் எழுதியவை எல்லாம் சரி போடப்பட்டு அழிந்துவிட்டன. மிச்சம் ஒரே ஒரு வரி.

'அப்பா தேத்தண்ணி குடித்தல்.'

அந்த அப்பா ஜெயராஜ்தான். கதைப்படி அவன் மகள் விடிந்தால் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். போவதற்கு அவன் சம்மதிக்கவில்லை. கடைசி மாலையில் மகள் பால் சேர்க்காத பிளேன்டி ஒரு கோப்பை போட்டுக் கொண்டுவந்து நீட்டுகிறாள். அவன் வாங்கிக் குடிக்கிறான். வசனம் கிடையாது. கோப்பை காலியாகும்போது, 'போய்ட்டு வா' என்று அவன் சொல்லிவிட்டது பார்க்கிறவர்களுக்குப் புரிய வேண்டும். படத்தின் உயிரே அந்த இடத்தில்தான் இருந்தது.

வசனம் இல்லாத காட்சிதானே, கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம் என்று ஜெயராஜ் நினைத்திருந்தான். அவனுடைய வாய் வேறு விதமாக நினைத்தது.

பதினெட்டு வருஷம் அவன் தேயிலை டேஸ்டர். கண்டியில் தேயிலை வாங்கி ஏற்றுமதி செய்கிற கம்பனியில், வரிசையாக வைத்த வெள்ளைக் கோப்பைகளுக்கு முன்னால் நின்றே அவன் தலை நரைக்கத் தொடங்கியது. முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். பிறகு மூக்கு. அதன் பிறகு ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி 'ஸ்ர்ர்ர்ப்' என்று உறிஞ்சி, நாக்கின் நாலு பக்கமும் உருட்டி, உயரமான தொட்டிக்குள் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போக வேண்டும். ஒரு சொட்டும் உள்ளே போகாது. போனால் மத்தியானத்துக்குள் தலை சுற்றும்.

லயத்து வீட்டிலும் அதேதான் நடந்தது. மகளாக நடிக்கும் சுகிர்தா கண்ணில் நீர் தளும்பக் கோப்பையை நீட்டுவாள். ஜெயராஜ் அதை வாங்கி வெளிச்சத்தில் சற்றே சாய்த்து நிறம் பார்ப்பான். அவனுக்குத் தெரியாமலே மூக்கு விடைக்கும். பிறகு அந்த 'ஸ்ர்ர்ர்ப்'.

"அண்ணே, பெத்த புள்ள நாளைக்கு குவைத் போறா. நீங்க அவ தந்த பிளேன்டிக்கு மார்க் போட்டுக்கிட்டு இருக்கீங்க," என்பாள் கிருஷாந்தி.

"நான் போடல்ல தங்கச்சி. வாய் தானாப் போடுது."

கண்டி மஹய்யாவ மண்டபத்தில் அவள் மேடையேற்றிய நாடகத்தில் அவன் நடித்தபோது இந்தத் தொல்லை இருக்கவில்லை. அதில் அவனுக்குக் கத்தவும் அழவும் நிறைய வசனம் இருந்தது. தேத்தண்ணி இருக்கவில்லை. முடிந்ததும் சனம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தச் சத்தம் ஒரு மாதம் காதுக்குள் கிடந்தது. அதன் பிறகுதான் வேலையை விட்டான்.

வளைவில் ஹோர்ன் அடித்த ஜீப், வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்புக்குக் கீழே வந்து நின்றது. முன் கதவைத் திறந்துகொண்டு இறங்கியவன் ஸிபான். தேயிலைக் கம்பனி முதலாளியின் மகன். ஜெயராஜின் பழைய கூட்டாளி. அடுத்த கதவால் இறங்கியவளைக் கண்டதும் ஜெயராஜ் நனைந்த சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். அவன் மனைவி துஷ்யந்தி.

தெல்தெனியவில் பள்ளிக்கூட ஆசிரியை அவள். வேலையை விட்டுவிட்டேன் என்று அவன் வந்து சொன்ன மாலையில் சாரிக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தாள். "சரி," என்றாள். மடிப்பைத் திருப்பிப் போட்டுவிட்டு மறுபக்கத்தைத் தேய்த்தாள். அவ்வளவுதான். அந்த 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று இன்று வரை அவனுக்குப் பிடிபடவில்லை. இப்போது ஸிபானோடு ஜீப்பில் வந்து இறங்குகிறாள். அப்படியென்றால் இதுதான் அர்த்தம் என்று அவன் முடிவு கட்டினான்.

"என்ன மச்சான், சினிமாக்காரர் எல்லாம் இப்படியா மெலியிற?" ஸிபான் தோளில் தட்டினான். "ஊட்டுக்குப் போனன். நீ இல்ல. இங்க வரப் போறண்டு சென்ன உடனே தங்கச்சியும் ஏறிட்டா."

துஷ்யந்தி வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"சுத்தி வளச்சுப் பேச எனக்கு வராது," என்று ஸிபான் ஜெயராஜைத் தேயிலைச் செடிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். "திங்கக்கிழம வந்துரு. உன்ட மேசையும் கதிரையும் அப்படியேதான் ஈக்கி. புதுசா எடுத்தவருக்கு ஒரு தடிமல் வந்தா மூக்கு ரெண்டு கிழமைக்கு லீவு. போன ஏலத்துல அவர் எடுத்த சரக்க வாயில வச்சுப் பாத்துட்டு வாப்பா அன்டைக்குச் சோறே தின்னல்ல."

"வேற ஆள் கெடைக்கல்லியா?"

"கொழும்புல ஒருத்தர் ஈக்கார். இன்டைக்கு அவருக்குப் பதில் செல்லணும். நீ வாறண்டா அவரு வேணாம். இந்தத் தோட்டத்த உட்டுப் போறதுக்குள்ள ஒரு வார்த்த செல்லு. வற்புறுத்த மாட்டன். ஆனா ஒண்டு. இங்க உனக்குச் சரிவருதா?"

ஜெயராஜ் ஒரு கொழுந்தைக் கிள்ளி உருட்டினான். உள்ளே இருந்து கிருஷாந்தி கூப்பிட்டாள்.

அடுத்த டேக்கை ஸிபான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தான். துஷ்யந்தி வாசற்படியருகே நின்றாள். சுகிர்தா கோப்பையை நீட்டினாள். ஜெயராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு நிறம் பார்க்காமல் வாங்கினான். மூக்கையும் அடக்கினான். கோப்பையை உதட்டில் வைத்தான்.

'ஸ்ர்ர்ர்ப்!'

"என்ன சரக்கு மச்சான்?" ஜன்னலில் இருந்து ஸிபானின் வாய் தவறிப் புறப்பட்ட கேள்வி.

"டஸ்ட். பெட்டியில ரொம்ப நாள் கெடந்திருக்கு," என்று ஜெயராஜின் வாயும் தவறிப் பதில் சொல்லிவிட்டது.

சுமன் கமராவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சுகிர்தாவும் முகத்தை மூடிக்கொண்டாள். அடுப்படியில் நின்ற வீட்டுக்காரி பாலம்மா, "அட ஆமாங்கய்யா, போன மாசத்து தூளுதான்!" என்று சிரித்தாள். ஜெயராஜும் சிரித்துவிட்டுக் கிருஷாந்தியைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணே, கொஞ்சம் வெளிய வாங்க."

இஸ்தோப்பில் நின்று அவள் எதிர் மலையைக் காட்டினாள். மஞ்சள் வெயில் சவுக்கு மரங்களின் உச்சிக்கு ஏறிவிட்டிருந்தது.

"இன்னும் ஒரு தடவைக்குத்தான் வெளிச்சம் இருக்கு. வீட்டையும் இன்னைக்கே பாலம்மாக்காகிட்ட திருப்பிக் குடுக்கணும். அவங்களும் எத்தன நாளைக்குப் பக்கத்து வீட்டுல படுப்பாங்க?"

"தெரியுது."

"உங்களக் குறை சொல்லல்லண்ணே. லீசிங்ல நான் பாத்திருக்கேன். நல்ல டிரைவருக்கும் சில வாகனம் ஒத்துவராது." கொஞ்சம் தயங்கினாள். "இதுவும் சரிவராட்டி, பின்னால இருந்து எடுத்துர்றேன். சுகிர்தா மொகம் தெரியட்டும். உங்க முதுகு போதும்."

"முதுகா?"

"முதுகு வச்சே சமாளிச்சிரலாம்."

"முதுகுக்கு நான் எதுக்கு தங்கச்சி? ரோட்டால போற ஆரையாவது கூப்பிட்டு உக்கார வச்சாலும் அது முதுகுதானே?"

கிருஷாந்தி மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கீழே ஜீப் நின்றது. பக்கத்தில் ஸிபான் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றான். தேத்தண்ணியைத் துப்பத் தெரிந்தவனுக்கு அங்கே ஒரு கதிரை காத்திருக்கிறது. இங்கே குடிக்கத் தெரியாதவனுக்கு முதுகு மட்டும்தான். கணக்கு நேராகத்தான் இருக்கிறது என்று ஜெயராஜுக்குப் பட்டது. இந்த ஒரு டேக்கும் முடியட்டும், ஸிபானிடம் சொல்லிவிடலாம்.

உள்ளே பாலம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்தாள். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கப் போகிற நேரம். "இந்தா புள்ள, தண்ணி கொதிக்குது. தூளு அந்தத் தகரத்துல. சீனி பச்ச மூடி, உப்பு மஞ்ச மூடி. நான் நிறுத்துட்டு ஓடியாந்துர்றேன்," என்று சுகிர்தாவிடம் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அடுத்த நிமிஷம் அடுப்படியில் 'ஆ!' என்று ஒரு சத்தம். எல்லோரும் ஓடினார்கள். கேத்தலைத் துணி இல்லாமல் தூக்கிய சுகிர்தாவின் விரல்கள் சிவந்து போயிருந்தன.

துஷ்யந்திதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் தினமும் ஒருத்தர் விழுவதும் அடிபடுவதுமாக இருப்பதால் அவளுக்குப் பதற்றமே வருவதில்லை. சுகிர்தாவின் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் கையில் போட்டுக்கொண்டு, அவளை வெளியே குழாயடிக்குக் கூட்டிப் போனாள். "தண்ணிக்குள்ளயே வச்சிருங்க. எடுக்க வேணாம். கொப்புளம் வராது."

"கைதானே ஷொட்ல வரணும்," என்று பின்னாலேயே வந்த கிருஷாந்தி தலையில் கை வைத்தாள். "இவ்வளவு செவந்த கைய எப்படிக் காட்டுறது?"

சுமன் யோசித்தான். "ஃபோகஸ் அண்ணன் மொகத்துலதான் இருக்கு. கை மங்கலாத்தான் தெரியும். வளையல் இருந்தாப் போதும். ஆரு கையா இருந்தா என்ன?"

கிருஷாந்தி, சுமன், ஜெயராஜ் மூவரின் கண்களும் ஒரே நேரத்தில் துஷ்யந்தியின் கைக்குப் போயின. வளையல்கள் இன்னும் அங்கேதான் கிடந்தன.

"அக்கா, உதவி செய்வீங்களா? அப்படியே பிளேன்டியும் நீங்களே போட்டுருங்க," என்றாள் கிருஷாந்தி.

"நானா? இவருக்கா?" துஷ்யந்தி சிரித்துவிட்டாள். "தங்கச்சி, நான் இவருக்குத் தேத்தண்ணி போடுறதில்ல."

"ஏனக்கா?"

"கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில போட்டுக் குடுத்தேன். நல்ல சாரி எல்லாம் கட்டிக்கிட்டு, ரெண்டு கையாலயும் நீட்டினேன். வாங்கினாரு. வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. மோந்து பாத்தாரு. இப்ப சத்தம் போட்டாரே, அதே மாதிரி சத்தம் போட்டு உறிஞ்சினாரு. அப்புறம் ஜன்னலால எட்டித் துப்பிட்டு, 'பரவால்ல, கொஞ்சம் புகை வாடை அடிக்குது'ன்னாரு." அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "அன்னையில இருந்து ஒரே சுடுதண்ணிதான்."

சுமன் விழுந்து விழுந்து சிரித்தான். ஜெயராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் முழுக்கத் தேயிலையோடு மாரடித்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டிலும் அதைக் கொடுக்கக் கூடாது என்று அவள் புரிந்து நடந்துகொள்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தான். கூட்டாளிமாரிடம் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறான்.

"சரி, போட்டுத் தாறேன். கமராவுக்குத்தானே," என்று துஷ்யந்தி அடுப்படிக்குள் போனாள்.

அவன் பின்னாலேயே போனான். உள்ளே இருட்டத் தொடங்கியிருந்தது. ஜக்கில் தூளைப் போட்டு அவள் கொதிநீரை ஊற்றினாள். வளையல்கள் கிணுங்கின.

"ஸிபான் சொல்லித்தான் வந்தியா? என்னக் கூட்டிட்டுப் போக?"

"கூட்டிட்டுப் போக வந்தது அவரு. நான் பாக்க வந்தேன்."

"எதப் பாக்க?"

"நீங்க வேல செய்யிறத." ஒரு டின்னைத் திறந்து இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்கினாள். "பதினெட்டு வருஷம் நீங்க பாத்த வேலைய ஒரு நாளும் நான் கண்ணால கண்டதில்ல. உள்ள விடமாட்டாங்க, பவுடர் வாசன, பூ வாசன ஆகாதும்பீங்க. இதையாவது பாப்போம்னு வந்தேன். ஏன், வரக் கூடாதா?"

வேலை என்று சொன்னாள். சொந்தக்காரர்கள் 'கூத்து' என்றார்கள். ஸிபான் 'சினிமாக்காரர்' என்று கேலி செய்தான். அவனே கூட வெளியில் கேட்டால் 'சும்மா ஒரு ஆசைக்கு' என்றுதான் சொல்லி வந்தான். அவள் வேலை என்றாள். அந்த 'சரி'யின் அர்த்தம் இதுவாக இருக்குமோ என்று அவனுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

"அண்ணே, வெளிச்சம்!" என்று கிருஷாந்தி குரல் கொடுத்தாள்.

ஜெயராஜ் போய் ஜன்னலோரத்து மர வாங்கில் உட்கார்ந்தான். மலை உச்சியில் இருந்து கழன்ற கடைசி வெளிச்சம் சன்னமாக அவன் கன்னத்தில் விழுந்தது. சுமன் குனிந்தான். கிருஷாந்தி கையைத் தூக்கி, வாயைத் திறக்காமலே கீழே இறக்கினாள்.

ஒரு கை உள்ளே வந்தது. கண்ணாடி வளையல் போட்ட கை. ஓரத்தில் நெளிந்த கோப்பையில் ஆவி பறந்தது. ஒரு கையால் அல்ல, இரண்டு கையாலும் நீட்டினாள். கிருஷாந்தி அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஜெயராஜ் கோப்பையைப் பார்க்கவில்லை. அந்தக் கைகளைப் பார்த்தான். இடது பெருவிரலில் அயன் சுட்ட பழைய தழும்பு. நகத்தோரம் சோக்குத் தூள். கமராவில் இவை எதுவும் தெரியாது. அந்தக் கைகள் கோப்பையை விடுவதற்குக் கொஞ்சம் பயந்தன. வாங்குவானா, வாங்கிவிட்டு ஜன்னலைப் பார்ப்பானா என்று அவை காத்திருந்தன.

ஜன்னல் அவன் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அவன் கோப்பையை வாங்கினான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். உதட்டில் வைத்தான். சத்தம் எதுவும் கேட்கவில்லை. தொண்டைக் குமிழ் ஒரு தடவை ஏறி இறங்கியது. அவன் கண்ணை எடுக்கவில்லை. இன்னொரு மடக்கு. பிறகு இன்னொன்று. முகம் லேசாகச் சுருங்கி, மெல்ல விரிந்தது. கண்ணோரத்தில் எதுவோ மினுங்கியது, விழவில்லை. கடைசி மடக்குக்குத் தலையை அண்ணாந்தான். காலிக் கோப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். பிறகு, கதையில் எழுதாத ஒன்றைச் செய்தான். லேசாகத் தலையை அசைத்தான்.

யாரும் 'கட்' சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் பலகைக்குப் பக்கத்தில் பேனையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். கடைசியில் சுமன்தான் மெதுவாக, "அக்கா... வெளிச்சம் போயிருச்சி," என்றான்.

"கட்," என்றாள் கிருஷாந்தி. திரும்பிப் பலகையில் அந்த வரிக்கு எதிரே ஒரு சரி போட்டாள். கோடு கோணலாகப் போனது. "முதுகு வேணாம்ணே," என்றாள்.

துஷ்யந்தி வளையல்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவனை நேராகப் பார்க்காமல், "புகை வாடை அடிச்சிதா?" என்று கேட்டாள். அவன் இல்லை என்று தலையாட்டினான்.

ஸிபான் உள்ளே வந்தான். "அப்பிடி என்ன தேத்தண்ணி தங்கச்சி அது? நானும் ஒரு வாய் பாக்கியன்," என்று ஜக்கில் மிச்சம் இருந்ததைக் கோப்பையில் ஊற்றினான். தொழில் பழக்கம், 'ஸ்ர்ர்ர்ப்' என்று உறிஞ்சினான்.

மறுநொடியே வாசலுக்கு ஓடித் தூவெனத் துப்பினான். "அல்லாஹ்வே! உப்பு! கடல் தண்ணியாட்டம் ஈக்கி!"

துஷ்யந்தி பதறிப்போய் அடுப்படிக்குள் ஓடினாள். குழாயடியில் இருந்து ஈரக் கையோடு வந்த சுகிர்தா, "மஞ்ச மூடியவா மிஸ் எடுத்தீங்க?" என்றாள். மூடியைக் கையில் பிடித்தபடி துஷ்யந்தி திரும்பி வந்து நின்றாள். அவள் முகம் விழுந்திருந்தது.

எல்லோரும் ஜெயராஜைப் பார்த்தார்கள். அவன் இன்னும் அந்த வாங்கில்தான் இருந்தான். காலிக் கோப்பை மடியில் இருந்தது.

ஸிபான் வாயைத் துடைத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றான். "டேய், கண்டியிலயே பேர் போன நாக்கு உன்ட நாக்கு. முழுக் கோப்பையையும் குடிச்சிருக்க. இந்த உப்பு உனக்குத் தெரியல்லயா?"

ஜெயராஜ் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"நான் ருசி பாக்கல்லயே மச்சான்... குடிச்சேன்."